ஒன்றேகால் மில்லிமீட்டர்

லேத்தில் (கடைசல் மெஷினில்) வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் 'சக்'கைக் கழற்றும்போது ஒரு கால் மணி நேரம் பொறுத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் லேத் பட்டறை இருக்கிறது. பாலக்காடு மாவட்டம்தான், ஆனாலும் வேலை கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பேசுவது தமிழ். பம்ப்செட் ஷாஃப்ட், அரிசி மில் புல்லி, செக்கு புஷ், டிராக்டர் பின் என்று கலந்துகட்டி வரும். இருப்பது ஒரே ஒரு ஆறடி லேத். அப்பா கோயமுத்தூரில் செகண்ட் ஹேண்டாக எடுத்தது. படிப்படியாக விட்டம் மாறும் கோன் புல்லி, தட்டை பெல்ட், ஸ்பிண்டிலில் (சுற்றுகிற முக்கியத் தண்டில்) மரையேற்றிப் போடும் சக். பெயர்த்தகடு எந்தக் காலத்திலோ போய்விட்டது. எந்த ஊரில் செய்தது, எந்த வருஷம் என்று அப்பாவுக்கே தெரியாது.

இந்த மாதிரி லேத்தில் பேக் கியர் என்று ஒன்று உண்டு. சாதாரணமாகக் கோன் புல்லியும் ஸ்பிண்டிலும் ஒரு பின் ஆணியால் பூட்டப்பட்டு ஒன்றாகச் சுற்றும். பெரிய விட்டமுள்ள வேலை, முரட்டு மரை வெட்டுவது என்று வந்தால் வேகம் குறைய வேண்டும். அப்போது அந்தப் பின்னை இழுத்துவிட்டு, பின்னால் இருக்கும் தண்டைக் கைப்பிடியால் உள்ளே தள்ளுவோம். சுற்று நாலு கியர் வழியாகப் போய் ஸ்பிண்டில் நிதானமாகத் திரும்பும். என் மெஷினில் நேரடியாக ஆகக் குறைந்த வேகம் நிமிஷத்துக்கு 150 சுற்று. பேக் கியர் போட்டால் இருபத்தைந்துக்குப் பக்கம் வரும்.

பின்னை இழுக்காமலேயே பேக் கியரைப் போட்டால் ஸ்பிண்டில் அப்படியே இறுகி நிற்கும். எல்லாப் பட்டறையிலும் இதை ஒரு சௌகரியமாக வைத்திருக்கிறார்கள்: சக் கழலாவிட்டால் இப்படிப் பூட்டிக்கொண்டு ஒரு தட்டு. நானும் இருபது வருஷமாக அதைத்தான் செய்து வந்தேன். அன்று சனிக்கிழமை சாயங்காலம். நாலு ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக் இறுகிக் கிடந்தது. சக் சாவித் துளையில் ஒரு பாரை நுழைத்து, இரண்டு பவுண்டு சுத்தியால் ஒரே அடி. சக் கழன்றது. கூடவே 'டக்'கென்று இன்னொரு சத்தம். கவரைத் திறந்தால் பின்தண்டில் இருக்கும் சின்ன கியரில் மூன்று பல் இல்லை. அடித்த அடி முழுவதையும் தாங்கியது வார்ப்பு இரும்பில் செய்த ஒன்றிரண்டு பல். அது எத்தனை நாள் தாங்கும்?

முதலில் பல் கட்டினேன். பழைய வைத்தியம் இது: உடைந்த பல் இருந்த இடத்தில் வரிசையாக மூன்று துளை போட்டு, டேப் அடித்து மரை வெட்டி, ஸ்டட் (தலையில்லாத மரையாணி) இறுக்கி, மேலே பித்தளை உருக்கி நிரப்பி, அரத்தால் பல் வடிவம் கொண்டுவருவது. ஒரே ஒரு பல் போயிருந்து, கியரும் மெதுவாகச் சுற்றி டூலை நகர்த்துகிற ஃபீட் கியராக இருந்தால் இன்றைக்கும் இதைத்தான் செய்வேன். இங்கே மூன்று பல் அடுத்தடுத்துப் போயிருந்தது, பாரமும் மொத்தமாக இந்தக் கியரில்தான் விழுகிறது. நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் ஒரு மில் புல்லியை முகம் சீவும்போது நடு ஸ்டட் வேரோடு வந்துவிட்டது.

சரி, ரெடிமேடு வாங்கிவிடலாம் என்று பழைய கியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது பல். வெளி விட்டம் வெர்னியரில் 81.1 மி.மீ. மாட்யூல் (பல்லின் பருமனை மில்லிமீட்டரில் சொல்லும் எண்) கண்டுபிடிக்க, வெளி விட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி வகுக்க வேண்டும். 81.1-ஐ 32-ஆல் வகுத்தால் 2.53. கடையில் கிடைக்கிற மாட்யூல் 2, 2.5, 3 என்றுதான் இருக்கும். ஆக 2.5 என்று சீட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் பண்ணிய முட்டாள்தனம் இதுதான். 2.5 மாட்யூலில் முப்பது பல் கியர் என்றால் வெளி விட்டம் 80 மி.மீ. இருக்க வேண்டும். தேய்ந்த கியர் அளவில் குறையுமே தவிர அதிகமாகாது. 81.1 வந்தபோதே ஏதோ இடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். "அந்தக் காலத்து நாட்டு வார்ப்பு, முன்னே பின்னே இருக்கும்" என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கோயமுத்தூரில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். ஈஎன் 8 எஃகில் வெட்டிய பளபளப்பான கியர். போர் (நடுத் துளை) போட்டு, கீவே (கியரைத் தண்டோடு பூட்டும் சாவி உட்காரும் பள்ளம்) வெட்டி, மாட்டினேன். இந்தப் பின்தண்டு எக்சென்ட்ரிக், அதாவது மையம் விலகித் திரும்புவது. கைப்பிடியைத் திருப்பத் திருப்ப இரண்டு ஜோடி கியரும் சேர்ந்தே நெருங்கும். புதுக் கியர் பிடிக்கிற வரை நெருக்கினால் அந்தப் பக்க ஜோடி அடிதட்டி இறுகுகிறது. அதைத் தளர்த்தினால் இந்தப் பக்கம் லொடலொடவென்று ஆடுகிறது. நடுவில் ஒரு இடத்தில் வைத்து ஓட்டினேன். கல் அரைக்கிற சத்தம். அரை மணி நேரத்தில் நிறுத்தி, ஸ்பிண்டிலில் இருக்கும் பெரிய கியரின் பல்லைப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் புதிதாகச் சுரண்டியிருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும். அது போனால் லேத்தே போன மாதிரிதான்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். கோயமுத்தூரில் ஒரு பஞ்சு மில்லின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு கியரையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். வெர்னியரைக்கூடத் தொடவில்லை அவர். போர் எவ்வளவு என்று கேட்டார்.

"31.75 இருக்குதுங்க ஐயா."

"அது எத்தனை நூல்?"

"பத்து நூல். ஒன்றேகால் அங்குலம்."

"போர் அங்குலத்துல இருக்குது, லீட் ஸ்குரூ அங்குலத்துக்கு நாலு மரை. பல்லு மட்டும் மில்லிமீட்டர்ல எப்படி கண்ணு வரும்?"

அவ்வளவுதான். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-இல். ஆனால் பட்டறை லேத்துகள் பழைய இங்கிலீஷ், அமெரிக்க மெஷின்களைப் பார்த்து வார்த்தவை; சட்டம் வந்த பிறகும் அந்த அச்சுகள் ரொம்ப காலம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றில் பல் அளவு மாட்யூலில் வராது, டிபி என்கிற டயமெட்ரல் பிட்ச்சில் வரும். பிட்ச் வட்டத்தின் (இரண்டு கியரும் ஒன்றையொன்று தொட்டு உருள்வதாக வைத்துக்கொள்ளும் வட்டம்) விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதுதான் டிபி. வெளி விட்டம் வேண்டுமானால் பல்லோடு இரண்டு கூட்டி டிபியால் வகுக்க வேண்டும், விடை அங்குலத்தில் வரும். 10 டிபி என்று வைத்தால் 32-ஐப் பத்தால் வகுத்து 3.2 அங்குலம், அதாவது 81.28 மி.மீ. என் பழைய கியர் நுனி தேய்ந்து 81.1. கணக்கு உட்கார்ந்துவிட்டது. 10 டிபியை மாட்யூலாக மாற்றினால் 2.54. 2.5-க்கும் 2.54-க்கும் வித்தியாசம் ஒரு பல்லில் கண்ணுக்குத் தெரியாது. முப்பது பல்லில் அது ஒன்றேகால் மில்லிமீட்டர்.

பெரியவர் அதோடு விடவில்லை. "கோணம் பார்த்தியா?" என்றார். பல்லின் அழுத்தக் கோணம் (ஒரு பல் இன்னொன்றைத் தள்ளுகிற சாய்வு) இப்போது வருகிற கியர்களில் 20 டிகிரி. பழையவற்றில் பெரும்பாலும் பதினாலரை. டிபி சரியாக இருந்து கோணம் தப்பினாலும் கியர் அழும். இதைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி எனக்கு அதுவரை தெரியாது. வெர்னியர் இருக்கிற எல்லாரும் செய்யலாம்.

உடையாத இடத்தில் மூன்று பல்லைச் சேர்த்து வெர்னியர் தாடையால் பிடித்து அளக்க வேண்டும். அடுத்து நாலு பல்லைச் சேர்த்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பேஸ் பிட்ச். பை (3.14) பெருக்கல் மாட்யூல் பெருக்கல் அழுத்தக் கோணத்தின் காஸ் (கொசைன்) என்பது அதன் கணக்கு. பல் தேய்ந்திருந்தால் இரண்டு அளவும் ஒரே மாதிரி குறைந்திருக்கும், கழிக்கும்போது தேய்மானம் அடிபட்டுப் போகும். எனக்கு மூன்று பல் 19.50, நாலு பல் 27.20, வித்தியாசம் 7.70. ஐந்து இடத்தில் எடுத்துப் பார்த்தேன், 7.70-க்கும் 7.74-க்கும் நடுவில் நின்றது. கணக்குப்படி 10 டிபி, பதினாலரை டிகிரிக்கு 7.73 வர வேண்டும். அதே டிபி 20 டிகிரியாக இருந்தால் 7.50. நான் வாங்கி வந்த 2.5 மாட்யூல் கியருக்கு 7.38. ஒவ்வொரு பல்லிலும் முப்பத்தைந்து பாயிண்ட் (மில்லிமீட்டரில் நூறில் ஒன்று ஒரு பாயிண்ட்) இடறிக்கொண்டே ஓடியிருக்கிறது. சத்தம் வராமல் என்ன செய்யும்?

அடுத்த பிரச்சினை, எதில் செய்வது. எனக்கு ஈஎன் 8 ஆசை இன்னும் விடவில்லை. வார்ப்பு இரும்பில் செய்தால் மறுபடி உடையுமே என்று பயம். யோசித்துப் பார்த்தேன். இந்தச் சின்ன கியர் உடைந்தால் சாவியைத் தட்டிக் கழற்றி வேறு போடலாம். இது உடையாமல் நின்றால் அடுத்த அடி போய் விழுவது ஸ்பிண்டிலின் பெரிய கியரில். அதை மாற்ற ஸ்பிண்டிலையே உருவ வேண்டும், பேரிங் செட்டிங் போகும். அதனால் பழையபடி வார்ப்பு இரும்பு என்றே முடிவு செய்தேன். எஃகில் செய்திருக்கலாமே என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வார்ப்பு உருளை 90 மி.மீ. விட்டத்தில் கோயமுத்தூரில் வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டு துண்டு வாங்கினேன், ஒன்று கெட்டால் இன்னொன்று. (முன்பெல்லாம் இப்படி இரும்பைத் தூக்கிக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் பில் எங்கே, டாக்ஸ் எங்கே என்று நிற்க வேண்டும். 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.)

உடைந்த லேத்தில் எப்படி பிளாங்க் (பல் வெட்டாத வட்டு) கடைவது என்று பையன் கேட்டான். உடைந்தது பேக் கியர்தானே, நேரடி வேகம் ஓடுகிறதே. 150 சுற்றில் 81 மி.மீ. விட்டம் என்றால் நிமிஷத்துக்கு 38 மீட்டர். வார்ப்பில் சாதாரண எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் அந்த வேகத்தில் கருகிவிடும். கார்பைடு டிப் வைத்தால் தாராளமாக ஓடும். வார்ப்பின் மேல்தோல் கெட்டியாக இருக்கும், அதை மேலாகச் சுரண்டினால் டூல் முனை போய்விடும். முதல் வெட்டையே தோலுக்குக் கீழே இறக்கிப் போட வேண்டும். ஆயில் ஊற்றக் கூடாது. உலர்ந்தபடியே கடைய வேண்டும், கறுப்புத் தூள் பறக்கும், லேத்தின் 'பெட்'டை (அடித்தளத்தை) மூடிக்கொள்ளுங்கள். போரை முதலில் முடித்து, மேன்ட்ரலில் (துளைக்குள் நுழையும் தண்டில்) ஏற்றிப் பிறகுதான் வெளி விட்டத்தைக் கடைந்தேன். தலைகீழாகச் செய்தால் பல் வட்டமும் துளையும் ஒரே மையத்தில் நிற்காது.

பல் வெட்டும் கட்டருக்குத்தான் அலைந்தேன். 10 டிபி, பதினாலரை டிகிரி, முப்பது பல்லுக்கு நாலாம் நம்பர் கட்டர் வேண்டும். டிபி செட்டில் நாலாம் நம்பர் 26 முதல் 34 பல் வரை. மாட்யூல் செட்டில் நம்பர் தலைகீழாக ஓடும், அங்கே இதே பல்லுக்கு ஐந்தாம் நம்பர். நம்பரை நம்பாமல் கட்டரின் மேல் பொறித்திருக்கும் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். உக்கடம் பக்கம் பழைய டூல் கடைகளில் தேடியதில் 10 டிபி கிடைத்தது, ஆனால் ஆறாம் நம்பர். அது 17 முதல் 20 பல்லுக்கு, வளைவு ஒத்துவராது. விலை மலிவு என்று கை நீண்டது, அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் ஒற்றைப் பல் ஃப்ளை கட்டர் நானே தீட்டினேன். பழைய கியரின் அகலம் 32 மி.மீ., அதோடு சேரும் பெரிய கியர் 28 தான். ஆக ஓரத்தில் நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு எதுவும் உரசவே இல்லை. பல் செய்த அன்றைக்கு இருந்த வடிவத்திலேயே இருந்தது. அந்த ஓரத்துப் பல் இடுக்கை அச்சாக வைத்துக்கொண்டு அரை அங்குல எச்எஸ்எஸ் பிட்டை கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டி, இடுக்கில் வைத்து, பின்னால் டார்ச் அடித்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது. கசிகிற இடத்துக்கு எதிரே உரசுகிற இடத்தை எண்ணெய்க் கல்லில் தேய்ப்பது. ஒரு முழு நாள் போனது. இந்த வேலையில் அவசரமே கூடாது. நடுவில் ஒருவர் மோட்டார் ஷாஃப்டோடு வந்து நின்றார், நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மில்லிங் மெஷின் என்னிடம் இல்லை. கஞ்சிக்கோட்டில் தெரிந்தவர் ஒருவருடையது, ஷிப்ட் முடிந்த பிறகு மணிக் கணக்கில் வாடகைக்குத் தருவார். போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பல்லு எத்ர?"

"முப்பது, சேட்டா."

"டிபியோ, மாட்யூலோ?"

பத்து நாளைக்கு முன் இவரிடம் வந்திருந்தால் ஒரு கியரின் காசு மிச்சமாகியிருக்கும்.

வட்டத்தைச் சம பங்காகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் நாற்பதுக்கு ஒன்று: கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் பிளாங்க் ஒரு சுற்று திரும்பும். முப்பது பல் வேண்டுமானால் நாற்பதை முப்பதால் வகுக்க வேண்டும்: ஒரு முழுச் சுற்றும் மூன்றில் ஒரு பங்கும். பதினைந்து துளை வட்டத்தில் ஒரு சுற்று, அப்புறம் ஐந்து துளை. இங்கே எல்லாரும் ஒரு தடவையாவது வழுக்குவார்கள், நானும் வழுக்கினேன்: கைப்பிடியின் பின் ஆணி நிற்கிற துளையையும் சேர்த்து ஐந்து எண்ணிவிட்டேன். அதாவது நகர்ந்தது நாலே இடைவெளி. நல்லவேளை, நேரே வெட்டாமல் பிளாங்க்கில் கட்டர் நுனியை லேசாகத் தொட வைத்து முப்பது கோடு மட்டும் போட்டுப் பார்த்தேன். முப்பதாவது கோட்டுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில் ஒன்றரைப் பல் இடம் கூடுதலாக நின்றது. பின் நிற்கும் துளை பூஜ்யம். அதற்கு அடுத்ததுதான் ஒன்று. செக்டார் கைகளை (துளை எண்ணிக்கையைக் குறித்து வைக்கும் இரண்டு கைகள்) அப்படித் திருத்தி வைத்து மறுபடி கோடு போட்டதும் முப்பதும் கச்சிதமாக முடிந்தது. கைப்பிடி துளையைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுத்து விடக் கூடாது. அரைச் சுற்று பின்னே போய்த் திரும்ப முன்னே வர வேண்டும், உள்ளே வார்ம் கியரில் தளர்வு இருக்கும்.

ஆழம் 2.157-ஐ டிபியால் வகுத்தது: 0.2157 அங்குலம், 5.48 மி.மீ. முதல் சுற்றில் எல்லாப் பல்லுக்கும் நாலு மில்லிமீட்டர், இரண்டாம் சுற்றில் மீதி. ஒற்றைப் பல் கட்டருக்கு வேகமும் ஃபீடும் குறைவாகத்தான் வைக்க வேண்டும், ஒரு வெட்டுக்கு ஐந்து நிமிஷம். ராத்திரி எட்டரைக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்கு முடிந்தது. சேட்டன் பாதியில் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்து பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டார்.

கீவே வெட்ட ஸ்லாட்டிங் மெஷின் தேடவில்லை. என் லேத்திலேயே கியரை சக்கில் பிடித்து, கீவே அகலத்துக்குத் தீட்டிய டூலைப் படுக்கவைத்துக் கட்டி, கேரேஜை (டூலைத் தாங்கி ஓடும் பகுதியை) கையால் முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பத்து பாயிண்ட் கொடுத்து இழைத்தேன். கை வலிக்கும், வேலை சுத்தமாக வரும். அப்போது ஸ்பிண்டில் அசையாமல் இருக்க வேண்டும். சக் ஜாவுக்கும் பெட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை ஆப்பாக அடித்து நிறுத்தினேன்.

மாட்டும்போது இரண்டு கியருக்கும் நடுவில் ஒரு தினத்தந்தித் துண்டை விட்டு, காகிதத்தோடு சேர்த்து நெருக்கிக் கைப்பிடியைப் பூட்டினேன். காகிதத்தை உருவினால் அந்தக் கனம்தான் தளர்வு. காகிதம் மடிப்பு விழுந்து, கிழியாமல் வர வேண்டும். மார்க்கிங் புளூ தடவிச் சுற்றிப் பார்த்தபோது சாயம் பல்லின் நடுவில் பட்டது, நாலைந்து பல்லில் மட்டும் சற்று மேலே. பெரிய கியர் பழையது, அதன் தேய்மானம் அப்படி. ஆயில் விட்டு இரண்டு மணி நேரம் சும்மா ஓடவிட்டேன். சத்தம் இருந்தது, ஆனால் அது இந்த லேத்தின் பழைய சத்தம்தான். பட்டறைக்குள் வந்த அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சக் இறுகினால் இப்போது பின்பக்க பெட்டில் ஒரு பலாக்கட்டையை நிறுத்தி, பெல்ட்டைக் கையால் எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுக்கிறோம். ஜா கட்டையில் மோதிய வேகத்தில் மரை இளகிவிடும். மாட்டும்போதே மரையைத் துடைத்து ஒரு சொட்டு ஆயில் விட்டு, ஸ்பிண்டிலின் தோளில் தடித்த காகித வாஷர் ஒன்று வைத்தால் இறுகுவதே குறைவு. பேக் கியரைப் பூட்டி யாரும் அடிப்பதில்லை. பையன் ஒரு தடவை கை வைத்தான், கத்திவிட்டேன்.

இரண்டாவது வார்ப்புத் துண்டையும் அந்த வாரமே கடைந்து, பல் வெட்டாமல், கிரீஸ் தடவி அலமாரியில் வைத்திருக்கிறேன். ஃப்ளை கட்டர் பிட் அதே டப்பாவில். கியர் கவரின் உள்பக்கம் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கிறது: 10 டிபி, 14½, 30 பல், போர் 10 நூல். எழுதி முடித்ததும் பெரியவர் வந்து பார்த்தார். "பெரிய கியருக்கு எத்தனை பல்லுன்னும் எழுது கண்ணு" என்றார். எண்ணி எழுதினேன், 72.